500 கிலோ கயிறு 120 கிலோவுக்கு ஏன் அறுந்தது?

கேள்வி: ‘500 கிலோ’ என்று உறையில் அச்சிட்டிருந்த நைலான் கயிறு வாங்கினேன். 120 கிலோ மோட்டாரை மேலே ஏற்றும்போது முடிச்சை ஒட்டிப் படக்கென்று அறுந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? அடுத்த முறை நீளாத கயிறாகப் பார்த்து வாங்கட்டுமா?

பதில்: அடியில் யாரும் நிற்கவில்லை என்று நம்புகிறேன். கயிறு போலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உறையில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் அறுபடும் எடை. முடிச்சே இல்லாத புதுக் கயிற்றை நிதானமாக இழுத்தால் எதில் அறுமோ, அந்த எண். அதுவரை தூக்கலாம் என்று அர்த்தமில்லை. இதை உறையிலேயே தெளிவாக எழுதாதது பெரிய தவறு என்பேன்.

கணக்கைப் பாருங்கள். முடிச்சின் வளைவில் வெளிப்பக்க இழைகள்தான் அதிகம் இழுபடும். சாதாரண முடிச்சே பலத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். 500 இப்போது 250. எடையை ஒரேயடியாகக் கயிற்றில் விட்டால், தொய்வே இல்லாவிட்டாலும் ஒரு கணம் இரு மடங்கு இழுப்பு வரும்: 120 கிலோ 240 ஆகிறது. கொஞ்சம் தொய்ந்திருந்து வெடுக்கென்று இழுபட்டால் அதற்கும் மேல். நைலான் நனைந்திருந்தால் பலம் இன்னும் குறையும்.

நீள்வதைக் குறையாக நினைக்காதீர்கள். நைலான் நீண்டு கொடுப்பதால்தான் அந்த வெடுக்கைத் தாங்குகிறது. சாதாரண இரும்புக் கம்பி மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் நீண்டாலே மீளும் எல்லையைத் தொட்டுவிடும்; அதைத் தாண்டினால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. எல்லை தாண்டுவது எப்படி இருக்கும் என்று பார்க்க, பாலித்தீன் பையின் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். லேசாக இழுத்து விட்டால் பழையபடி ஆகிவிடும். இன்னும் இழுத்தால் ஓரிடத்தில் வெளுத்து, மெலிந்து, நீண்டபடியே நின்றுவிடும். அறுவதும் அந்த மெலிந்த இடத்தில்தான். கயிற்றிலும் ஓரிடம் மட்டும் மெலிந்தோ, விறைத்தோ, இழை சிலிர்த்தோ இருந்தால் அதில் எடை தூக்காதீர்கள்.

வாங்கும்போது ‘பாதுகாப்பான எடை எவ்வளவு’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அறுபடும் எடையைப் பத்தால் வகுங்கள். உங்கள் மோட்டாருக்கு 1,200 கிலோ கயிறு வேண்டும். ஒரே ரகத்தில் விட்டம் இரு மடங்கானால் பலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அசையாமல் இறுக்கிக் கட்ட மட்டும் என்றால் பாலியஸ்டர் நல்லது, அவ்வளவாக நீளாது.

ஒன்று மட்டும்: இழுபட்ட நைலான் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். கயிற்றுக்கு நேர்க்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள்.