செகண்ட் ஹேண்ட் கேமரா: ஷட்டர் கவுண்ட் மட்டும் பார்த்தால் போதுமா? கேள்வி பதில்

ஆடியில் கல்யாண வேலை இருக்காது, அதனால் போட்டோகிராபர்கள் பலர் பழைய பாடியை (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) தள்ளிவிட்டு அடுத்த சீசனுக்கு வேறொன்றுக்கு மாறுவார்கள். வாங்குபவர்களுக்கு நல்ல நேரம்தான், ஏமாறுவதற்கும் அதே நேரம்தான். கேமரா சர்வீஸ் என் தொழில் என்பதால் கேள்விகளைக் குவித்துவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஷட்டர் என்பது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை, அது இதுவரை எத்தனை முறை ஓடியிருக்கிறது என்ற எண்தான் ஷட்டர் கவுண்ட்.

கேள்வி: அண்ணா, நிக்கான் டி750 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஷட்டர் கவுண்ட் 92,000. அதன் ஆயுள் 1,50,000 என்கிறார்கள். அப்போ இன்னும் 58,000 படம்தான் எடுக்க முடியுமா?

அப்படிக் கழித்துப் பார்க்கக் கூடாது தம்பி. 1,50,000 என்பது கம்பெனி சோதனை செய்து சொல்லும் அளவு. அதைத் தாண்டியதும் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, அதுவரை ஓடியே தீரும் என்றும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு லட்சம் தாண்டியும் சத்தம் மாறாத பாடி என் மேசைக்கு வருகிறது, முப்பதாயிரத்திலேயே ஷட்டர் திரை மடங்கிப் போனதும் வருகிறது. அப்புறம், இந்த அளவு மாடலுக்கு மாடல் வேறு. நிக்கானிலேயே டி3500-க்கு 1,00,000, டி850-க்கு 2,00,000, டி5-க்கு 4,00,000. கேனான் 6டி என்றால் 1,00,000தான். அதனால் 92,000 என்பது 6டியில் யோசிக்க வேண்டிய எண், டி850-ல் பாதிகூட ஆகவில்லை. ஷட்டர் போனால் கேமராவே போச்சு என்பதும் இல்லை, அது மாற்றக்கூடிய பாகம். வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு, அந்த மாடலுக்கு ஷட்டர் மாற்ற எவ்வளவு ஆகும், பாகம் இன்னும் வருகிறதா என்று கேளுங்கள். அந்தத் தொகையையும் சேர்த்து விலை கட்டுப்படியானால் கவுண்ட்டை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: விற்பவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஃபைல் பெயரில் 4310 என்று இருக்கிறது. நாலாயிரம் படம்தான் ஓடியிருக்கிறது என்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். ஃபைல் எண் 9999 வந்ததும் மறுபடி 0001-லிருந்து தொடங்கும், எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்று அதில் தெரியாது. மெனுவில் போய் ரீசெட்டும் செய்யலாம். நிக்கானும் பென்டாக்ஸும் உண்மையான கவுண்ட்டைப் படத்தோடு சேர்ந்தே பதிவாகும் எக்ஸிஃப் விவரத்துக்குள் எழுதிவிடும், எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் போட்டால் வந்துவிடும். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்த விவரமெல்லாம் உதிர்ந்துவிடும், எடிட் செய்து சேமித்த படத்திலும் பல நேரம் இருக்காது. கேமராவிலிருந்து எடுத்த அசல் ஃபைலை டாக்குமென்டாகவோ மெயிலிலோ கேளுங்கள். அதோடு எக்ஸிஃபில் இருக்கும் சீரியல் எண்ணைப் பாடியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள், இன்னொரு கேமராவில் எடுத்த படத்தை அனுப்புகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: கேனானுக்கும் இதே வழிதானா சார்?

இல்லை. கேனான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த வகை) பெரும்பாலானவை படத்துக்குள் கவுண்ட்டை எழுதுவதில்லை. யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, அதற்கென்று இருக்கும் மென்பொருளில்தான் பார்க்க முடியும், சில மாடல்களில் அதுவும் நடக்காது. 1டி எக்ஸ் வரிசையில் மெனுவிலேயே ஆயிரக் கணக்கில் காட்டும். லேப்டாப்பில் இணைக்கவே விடமாட்டேன் என்று விற்பவர் அடம்பிடித்தால், நான் அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுவேன்.

கேள்வி: நேரில் போனால் டீக்கடை வாசலில் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் என்னதான் பார்ப்பது?

பத்து நிமிடம் தாராளம். உங்கள் மெமரி கார்டு, ஒரு சின்ன டார்ச், முடிந்தால் லேப்டாப்பும் கையோடு எடுத்துப் போங்கள்.

முதலில் ஆன் செய்யாமலேயே பாருங்கள். மேலே பிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் கறுப்பு பெயின்ட் உரிந்து உலோகம் பளபளத்தால் அது மண்டபம் மண்டபமாகப் போன கேமரா, "வீட்டில் குழந்தையை எடுத்தேன்" என்ற கதை அங்கேயே முடிந்தது. அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை, விலையைப் பேசுங்கள். அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். நிக்கான் பாடிகளில் ரப்பர் கிரிப் உப்பித் தூக்கிக்கொண்டு நிற்பது சகஜம், அது சின்ன வேலை. கார்டு போடும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், 5டி மார்க் 3 மாதிரி சிஎஃப் கார்டு பாடிகளில் ஒரு பின் வளைந்திருந்தால்கூடத் தலைவலி.

இனி ஆன் செய்யுங்கள். ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப்16, ஃபோகஸை மேனுவலில் வைத்துக் கலைத்துவிட்டு வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்துங்கள். மங்கலான சாம்பல் வட்டங்கள் தூசி, சுத்தம் செய்தால் போய்விடும். கோடாகவோ கூர்மையான ஓரத்தோடோ தெரிந்தால் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் மேல் கண்ணாடியில் கீறலாக இருக்கலாம், ஆசாமி துணியால் துடைத்திருப்பார். துளை பெரிதாகத் திறக்கும் எஃப்4-ல் எடுத்து "பாருங்க, சுத்தமா இருக்கு" என்று காட்டினால் ஏமாறாதீர்கள், அதில் தூசி கண்ணுக்கே தெரியாது.

அடுத்து அதே வானத்தை அந்தக் கேமராவின் உச்ச ஷட்டர் வேகத்தில், 1/4000 அல்லது 1/8000-ல், வரிசையாகச் சில படங்கள். ஒரு ஓரம் மட்டும் இருண்டோ பட்டையாகவோ வந்தால் ஷட்டர் திரை இரண்டும் ஒன்றாக ஓடவில்லை. கவுண்ட் ஐயாயிரமே ஆனாலும் அந்த ஷட்டர் முடிந்த கதைதான். இதை டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் செய்யாதீர்கள், விளக்கின் துடிப்பே பட்டையாக விழும், நல்ல கேமராவைக் குற்றம் சொல்லிவிட்டு வருவீர்கள். கடைசியாக லென்ஸ் மூடியைப் போட்டு முப்பது விநாடி ஒரு படம், நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிட்டு. நாலைந்து வண்ணப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை, நட்சத்திர வானம் மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சோனி ஏ7 3, கவுண்ட் வெறும் 11,000. ஆனால் அவர் முழுநேர வீடியோகிராபர். நல்ல டீலா?

அந்த 11,000 அவருடைய உழைப்பை உங்களுக்குச் சொல்லாது. வீடியோ ஓடும்போது ஷட்டர் திறந்தபடியே இருக்கும், மணிக்கணக்கில் சென்சார் சூடாகி ஓடினாலும் கவுண்ட் ஏறாது. எனக்கு இதைவிடப் பெரிய பயம் ரிசப்ஷன் மேடையில் சுழலும் லேசர். அந்தக் கதிர் நேராக லென்ஸுக்குள் வந்தால் சென்சார் பொசுங்கும். ஏ7 3 மாதிரி மிர்ரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) ஆன் செய்த நேரமெல்லாம் சென்சார் திறந்தே கிடக்கிறது, டிஎஸ்எல்ஆரிலாவது வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது கண்ணாடியும் திரையும் குறுக்கே நிற்கும். லேசர் பட்ட சென்சாரில் படத்துக்குக் குறுக்கேயோ நெடுக்கேயோ மெல்லிய வண்ணக் கோடு, எல்லாப் படத்திலும் அதே இடத்தில் வரும். வெற்றுச் சுவரைப் பத்து நிமிடம் வீடியோ எடுத்துப் பெரிய திரையில் பாருங்கள். எச்டிஎம்ஐ போர்ட்டில் கேபிளைச் செருகி லேசாக ஆட்டியும் பாருங்கள், வீடியோக்காரர் கேமராவில் முதலில் தளர்வது அதுதான்.

கேள்வி: அதே மாடல்தான் நானும் பார்த்தேன். ஆஃப் செய்து ஆட்டினால் உள்ளே கடகட என்கிறது. உடைந்திருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. நடுக்கத்தைச் சமாளிக்க சென்சாரையே மிதக்க விட்டிருக்கிறார்கள், கரன்ட் இல்லாதபோது லேசாக ஆடும். ஆன் செய்ததும் சத்தம் நின்றால் சரி.

கேள்வி: நிக்கான் இசட்8-க்கு எத்தனை கவுண்ட் வரை வாங்கலாம்?

அதில் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, இசட்9-லும் கிடையாது. தேய்வதற்கு அங்கே திரை இல்லை. மவுன்ட், டயல், போர்ட், சென்சார் இவற்றைப் பாருங்கள்.

கேள்வி: பேட்டரி பழசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மெனுவிலேயே இருக்கிறது மேடம். கேனானில் எல்பி-இ6 போடும் பாடி என்றால் பேட்டரி விவரத்தில் மூன்று பச்சைக் கட்டங்கள் வர வேண்டும், ஒற்றைச் சிவப்பு என்றால் புதிது வாங்கும் செலவைக் கழியுங்கள். டி750 மாதிரி நிக்கானில் 0 முதல் 4 வரை வயது காட்டும், 0 புதிது.

கேள்வி: கூடவே 50 எம்எம் லென்ஸ் தருகிறார். ஃபங்கஸ் இருக்குமோ என்று பயம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் பயப்பட வேண்டியதுதான். அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். ஒட்டடை மாதிரி கிளை பிரிந்திருந்தால் ஃபங்கஸ். தனித்தனித் தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், விடுங்கள். சென்னையில் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்த கேமராவோ என்று சந்தேகம் வந்தால் பேட்டரி அறைக்குள் பச்சை பூத்திருக்கிறதா, போர்ட் ரப்பருக்குள் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: நிக்கான் டி600 ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது, ஏன்?

2012-ல் வந்த அந்த மாடலில் ஓட ஓட சென்சாரில் புள்ளிகள் விழுந்தன, படத்தின் இடது மேல் மூலையில்தான் அதிகம். 2014-ல் நிக்கானே இலவசமாக ஷட்டரை மாற்றிக் கொடுத்தது. மாற்றிய சர்வீஸ் ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதலில் ஒரு எஃப்16 படம், நூறு நூற்றைம்பது முறை கிளிக், மறுபடி ஒரு எஃப்16 படம். மூலையில் புதிதாக எதுவும் முளைக்கவில்லை என்றால் அந்த விலைக்கு தைரியமாக எடுக்கலாம்.