சுவாமிகளின் பால சபா: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியை, அதாவது சிறுவர்களே நடித்த நாடகக் குழுவைப் பற்றிக் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். அந்தக் கம்பெனி சினிமாவுக்குத் தந்த நடிகர்களின் பட்டியல் எங்கே கிடைக்கும்? பேசும் படம் வந்ததும் இசை நாடகங்கள் அழிந்துவிட்டன என்று எழுதலாமா? சென்ற பங்குனியில் எங்கள் ஊர்க் கோயிலில் 'வள்ளி திருமணம்' பார்த்தேன். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டு அலுப்பூட்டியது. அதை வெட்டி, நாடகத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கினால் என் வயதுக்காரர்களும் பார்ப்பார்கள் அல்லவா?

ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது சுவாமிகளின் கடைசி நாட்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராஜபார்ட்டுக்கும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டுக்கும் (கதாநாயகி) இரவு முழுவதும் பாடுவதற்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர், பக்கவாதத்தால் வாய் பேச முடியாமல் கிடந்து, 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். அப்போது அவருக்கு 55 வயது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துவிடுகிறது. அந்த மனிதரைப் பற்றி எழுத ஒரு கல்லூரி மாணவர் முன்வந்திருப்பதில் உள்ள மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்; ஏனெனில் இனிச் சொல்லப்போவது அவ்வளவு இனிமையாக இராது.

பட்டியல் எங்கும் கிடைக்கும். ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் பெயர்கள் எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன், சிவாஜி கணேசன் என்றால், அவர்கள் மூவருமே சுவாமிகள் மறைந்த பிறகு வேறு வேறு கம்பெனிகளில் பயின்றவர்கள். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு நாடகக் கம்பெனியின் வரலாற்றை அதிலிருந்து வெளியேறியவர்களின் புகழைக் கொண்டு எழுதுவது அந்தக் கம்பெனிக்குச் செய்யும் அவமரியாதை. சினிமாவுக்கு ஆள் அனுப்புவதற்காக எவரும் கம்பெனி நடத்தவில்லை. பெரிய நடிகர்கள் கட்டுக்கு அடங்காமல் மனம்போன போக்கில் மேடையில் நடந்துகொண்டதைக் கண்டு சலித்த சுவாமிகள், எழுதிய பாடம் எழுதியபடியே ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் சிறுவர்களைத் தேடிப் போனார். அப்படித்தான் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா உருவானது. அதில் சேர்ந்தபோது டி.கே.சண்முகத்துக்கு 6 வயது. அந்தச் சிறுவனுக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததைச் சண்முகமே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். சுவாமிகள், லய வித்துவான் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் வீட்டில் பிள்ளைபோல இருந்து லய நுணுக்கம் கற்றவர் என்பதையும் மறக்க வேண்டாம். தாளம் கைவசமில்லாத புலவர் எவரும் அந்தச் சந்தங்களை எழுதியிருக்க முடியாது.

அடியும் அழுகையும் அந்தக் கம்பெனி வீடுகளில் இருந்தன. அதை மறைத்து எழுதாதீர்கள். வீட்டைப் பிரிந்த குழந்தைகள் அவர்கள். குரல் இருக்கும்வரை கதாநாயகன், மகரக்கட்டு வந்து குரல் உடைந்த மறுநாள் கூட்டத்தில் ஒருவன் என்ற நிலையை ஒரு பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் எப்படித் தாங்கியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், உயர்ந்த சுருதியில், கடைசி வரிசைவரை எட்டும்படி பாடிய குரல் அது. உங்கள் கட்டுரை இந்தப் பையன்களைப் பற்றியதாக இருக்கட்டும்.

சினிமா வந்து எல்லாம் அழிந்தது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. தமிழின் முதல் பேசும் படம் 1931-இல் வந்தது, டி.கே.எஸ். சகோதரர்கள் (சண்முகமும் அவருடைய சகோதரர்களும்) 1955-இல் 'ராஜராஜ சோழன்' நாடகத்தை மேடையேற்றினார்கள். நீங்களோ சென்ற பங்குனியில் உங்கள் ஊரிலேயே 'வள்ளி திருமணம்' பார்த்திருக்கிறீர்கள். கண்ணால் கண்டதை அழிந்தது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

இப்போது தர்க்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது இதுதான். சுவாமிகளின் நாடகங்களில் பாட்டு என்பது கதை நின்றுவிட்ட இடத்தில் செருகப்படும் அலங்காரம் அன்று. கதையே பாட்டில்தான் நகர்கிறது. சாவித்திரி எமனிடமிருந்து கணவனின் உயிரை மீட்பது வாதத்தால். கண்ணகி பாண்டியனின் அவையைத் தலைகுனிய வைப்பது வாதத்தால். தினைப்புனத்துக்கு வரும் நாரதரையும், மானைத் தேடி வந்ததாகச் சொல்லும் வேடனையும் வள்ளி எதிர்கொள்வதும் வாதத்தால்தான். ஒரு குறப்பெண் முனிவரிடம் கேள்வி கேட்கிறாள், மடக்குகிறாள், அடுத்த கேள்விக்குக் காத்திருக்கிறாள். ஊர்ப் பெண்கள் பாயில் உட்கார்ந்து அதைக் கேட்கிறார்கள். இதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு கல்யாணம் மட்டுமே.

அதோடு, நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து ஓர் இரவுக்கு நடத்தும் இன்றைய ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியுமா? ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். அன்றிரவு ஒப்பனைக் கொட்டகையில்தான் சந்திக்கிறார்கள். எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த, ஆர்மோனியம் வாசித்துப் பாடும் பின்பாட்டுக்காரர் ஒருவர், நாடகம் முடிந்து விடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் பேருந்துக்குப் போவார். 'தர்க்கத்துல தான் தம்பி யாருக்குப் பாடம் இருக்கு, யாருக்கு இல்லைங்கறது தெரியும்' என்பார். வள்ளி திடீரென்று ராகத்தை மாற்றி ஒரு கேள்வியைப் போடும்போது ஆர்மோனியத்தில் அவருடைய விரல்கள் அரை நொடியில் அங்கே போய் நிற்பதைச் சிறுவனாக நான் மேடையோரத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முன்பின் பழகாத இருவர் விடியவிடியப் பாட்டிலேயே வழக்காட முடிகிறது என்றால், அதற்குக் காரணம் இருவருக்கும் பொதுவாகச் சுவாமிகள் போட்டுவைத்த பாடம். பால சபாவில் அவர் செய்ய விரும்பிய காரியம் இதில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அலுப்பு வந்தது உண்மையாக இருக்கலாம். தர்க்கம் தெரியாத இருவர் வெற்றுப் பேச்சால் நேரத்தை நிரப்பினால் எனக்கும் அலுக்கும். அங்கே குறை அந்த இருவருடையது. வரும் பங்குனியில் மீண்டும் போய், ஆர்மோனியத்துக்கு அருகில் உட்காருங்கள். நாடகம் முடிந்ததும் வள்ளியாக நடித்த அம்மாவிடம், யாரிடம் பாடம் கேட்டார், அவருக்குப் பாடம் சொன்னவர் யாரிடம் கேட்டார் என்று விசாரியுங்கள். கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள். எழுதியதும் எனக்கு அனுப்பினால் திருத்திக் கொடுக்கிறேன்.