சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சி: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூர் செராங்கூன் சாலையில் பல வருடமாக ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். விலைக்கு அடுத்தபடியாக எல்லாரும் கேட்பது தூரமும் நேரமும்தான். இந்த வாரம் வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

அண்ணா, இரவு 9 மணிக்கு சாங்கியில் ஏறினால் 10.40க்குத் திருச்சி என்று டிக்கெட்டில் இருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் எப்படி? (ஜூரோங், தம்பி ஒருவர்)

10.40 என்பது ஊர் நேரம், தம்பி. சிங்கப்பூர் கடிகாரம் அங்கே இருப்பதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதைக் கூட்டினால் பயணம் 4 மணி 10 நிமிடம். திரும்பும்போது கழிக்க வேண்டும்: அங்கே அதிகாலை 1 மணிக்கு ஏறி இங்கே 7.35க்கு இறங்கினால், உட்கார்ந்திருந்தது 4 மணி 5 நிமிடம்தான்.

வீட்டுக்குச் சொல்லும்போது ஊர் நேரத்தையே சொல்லுங்கள். ஒரு பையன் இங்கத்திய கணக்கில் "ஒன்று பத்துக்கு இறங்குவேன்" என்று சொல்லிவிட்டான். அப்பா மன்னார்குடியிலிருந்து கார் பிடித்து வந்து சேரும்வரை, இரண்டரை மணி நேரம் அட்டைப்பெட்டிகளோடு வாசலிலேயே நின்றிருக்கிறான்.

விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகுமே, நாலு மணி நேரம் எதற்கு?

நேர்கோட்டில் சுமார் 2,980 கிலோமீட்டர். வடக்கு சுமத்திராவைத் தாண்டி, வங்கக் கடலைக் கடந்து, கோடியக்கரைப் பக்கம் கரையேறும் கோடு அது. உயரத்தில் பறப்பது மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. மீதி, ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது. டிக்கெட்டில் போடுவது, விமானம் இங்கே நிற்கும் இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை உள்ள நேரம்.

தஞ்சாவூர் போக வேண்டும் அண்ணா. சென்னை டிக்கெட் மலிவாக இருக்கிறதே? (உட்லண்ட்ஸ், தங்கை ஒருவர்)

வானத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஐம்பது, அறுபது கிலோமீட்டர், நாலைந்து நிமிடம். தரையில்தான் இருக்கிறது சங்கதி. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரச் சொச்சம். சென்னையிலிருந்து 340 கிலோமீட்டர், பேருந்தில் அரை நாள் போய்விடும். கைக்குழந்தையோடு போகிறீர்கள் என்றால் திருச்சியே போங்கள்.

கோலாலம்பூர் வழியாகப் போனால் சுற்றா?

தூரத்தில் சுற்றே இல்லை. கோலாலம்பூர் ஏறக்குறைய அதே கோட்டில்தான் இருக்கிறது. இரண்டு பயணத்தையும் கூட்டினாலும் பத்து, இருபது கிலோமீட்டர்தான் கூடும். அங்கே காத்திருக்கும் நேரம்தான் சுமை. இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால், முதலாவது தாமதமானால் இரண்டாவது போனது போனதுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் போடுகிறார். எந்த நேரத்தைப் பார்ப்பது? (அங் மோ கியோ)

எந்த நேரத்துக்கு ஊசி என்பதைக் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு, அங்கத்திய நேரத்தில் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்; சரக்கறைக் குளிரில் உறைந்தால் மருந்து வீணாகிவிடும். அப்புறம், சாப்பாடு வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், கையில் நாலு பிஸ்கட் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.