நாத்தனார் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால்

தங்கச்சி, கல்யாணமாகி ஆறு மாதமாகியும் நாத்தனார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் முடிச்சைப் போட்டவள் அவள்தானே? அண்ணன் தன்னை மறந்துவிடுவானோ என்ற பயமாக இருக்கலாம்.

கடலூர் முதுநகரில் வாழ்க்கைப்பட்ட எனக்கும் முதல் வருடம் இதே நிலைதான். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்க நானும் என் நாத்தனாரும் மட்டும் போனோம். கூட்ட நெரிசலில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரும்பும்போது, கல்லூரியில் இரண்டு பேப்பர் அரியர் இருப்பதைச் சொல்லி அழுதாள். நான் கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து அவள் எனக்குக் கூடப்பிறந்தவள்.

புடவை வாங்கிக் கொடுத்து மனதைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். அண்ணனும் தங்கையும் தனியாகப் பேச நேரம் விடுங்கள். அப்புறம், ஒரு சாயங்காலம் அவளை மட்டும் அதே தேவனாம்பட்டினத்து சில்வர் பீச்சுக்குக் கூப்பிடுங்கள்.