பச்சை வலை கட்டினால் போதுமா?

கேள்வி: கோவையில் ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர் நான். வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை நடக்கிறது. ஆட்கள் கயிற்றில் தொங்கியபடிதான் அடிக்கிறார்கள். போன வாரம் ஒரு பட்டி பிளேடு விழுந்து கார் கண்ணாடி உடைந்துவிட்டது. குழந்தைகள் விளையாடுவதும் அந்தப் பக்கம்தான். வாட்ச்மேனுக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பச்சை வலை கட்டிவிட்டால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். போதுமா?

பதில்: போதாது. அந்த வலை தூசிக்கும் காரைத் துணுக்குக்கும்தான். கனமான சாமான் விழுந்தால் கிழித்துக்கொண்டு வரும், அல்லது இரண்டு வலை சேரும் இடைவெளியில் நழுவி வரும்.

ஏழு மாடி என்றால் ஏறக்குறைய 21 மீட்டர். அங்கிருந்து கைநழுவியது இரண்டே விநாடியில் தரைக்கு வந்துவிடும், மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில். மேலே இருப்பவர் கத்தினால் கீழே நிற்பவர் ஒதுங்க மாட்டார், அண்ணாந்து பார்ப்பார். ஹெல்மெட் கதையும் இதுதான். ஐரோப்பாவின் ஈ.என். 397 தரத்தில், 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட் மேல் போட்டுச் சோதிப்பார்கள். அரைக் கிலோ சுத்தியல் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தாலே அந்த அடி வந்துவிடும். வாட்ச்மேன் ஹெல்மெட் போடட்டும், ஆனால் அதை நம்பி அவரைச் சுவரோரம் உட்கார வைக்காதீர்கள்.

ஆகவே சாமானை மேலேயே கட்டச் சொல்லுங்கள். பட்டி பிளேடின் மரப்பிடியில் ஒரு துளை போட்டு, நைலான் கயிற்றைக் கோத்து, மறுமுனையை ஆளின் இடுப்பு பெல்ட்டில் மாட்டவேண்டும். டேப் சுற்றி ஒட்டுவது கட்டு ஆகாது, வியர்வை பட்டால் வழுக்கிவிடும். கை நீட்டும் தூரத்துக்கு மேல் கயிறு வேண்டாம். அவர் தொங்கும் கயிற்றில் எதையும் மாட்டக் கூடாது. சட்டைப் பையில் செல்போன், லைட்டர் எதுவும் இருக்கக் கூடாது. குனிந்தால் முதலில் விழுவது அவைதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 'எல்லாவற்றையும் கட்டு' என்றால் நம் ஆட்கள் உண்மையிலேயே எல்லாவற்றையும் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எதுவும் ஆளின் உடம்பில் கட்டப்படக் கூடாது. டிரில்லிங் மெஷின், பெரிய கிரைண்டர், பெயின்ட் வாளி எல்லாம் இதில் சேர்த்தி. நழுவினால் அந்த இழுப்பு ஆளையே நிலைகுலைய வைக்கும். இவற்றுக்கு மொட்டை மாடியில், தண்ணீர்க் குழாயிலோ கைப்பிடிச் சுவரின் கம்பியிலோ அல்லாமல், கான்கிரீட் தூணில் தனியாக ஒரு கயிறு கட்டவேண்டும். வாளி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 20 லிட்டர் வாளியை அப்படியே தொங்கவிடாமல் சின்ன வாளியில் பாதி ஊற்றி அனுப்பச் சொல்லுங்கள். கயிற்றைக் கைப்பிடியில் மட்டும் கட்டினால் பயனில்லை. கம்பிப் பிடி பிளாஸ்டிக் காதிலிருந்து கழன்றுவிடும், கயிறு மேலே நிற்கும், வாளி கீழே வரும். வாளியின் அடியைச் சுற்றி எடுத்துக் கட்டவேண்டும்.

இனி 'சேஃப்டி கிட்' விற்க வருபவர்கள். வேலை நடக்கிறது என்று தெரிந்தால் எங்கிருந்தோ வந்துவிடுவார்கள். சாவிக்கொத்தில் மாட்டும் அலுமினியக் கொக்கியை ஒரு கயிற்றில் கோத்து, 'இம்போர்ட்டட்' என்று சொல்லி, கூடவே ஒரு சான்றிதழின் ஜெராக்ஸும் தருவார்கள். எத்தனை கிலோ தாங்கும் என்பது கயிற்றிலேயே பொறித்தோ தைத்தோ இருக்கவேண்டும். காகிதத்தில் மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். அரை நாளில் எல்லா ஆட்களுக்கும் பயிற்சிச் சான்றிதழ் என்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகளில், 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரும் கட்டடத்தைச் சுற்றி, தரையிலிருந்து 5 மீட்டருக்கு மிகாத உயரத்தில், குறைந்தது 2 மீட்டர் அகலத்துக்குத் தடுப்புப் பந்தல் வேண்டும் என்று இருக்கிறது. 'அது புதுக் கட்டடத்துக்கு சார்' என்பார் கான்ட்ராக்டர். இந்த விதிகளுக்கு அடிப்படையான, 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1996ஆம் ஆண்டுச் சட்டமே பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் என்று இருந்ததால் பல கான்ட்ராக்டர்களின் பதிவேட்டில் எப்போதும் ஒன்பது பேர்தான் இருப்பார்கள். கயிற்றில் பதினைந்து பேர் தொங்குவார்கள். அதிகாரி வருவதோ யாராவது செத்த பிறகு. கான்ட்ராக்டரோடு வாதாட வேண்டாம், பந்தல் போட்டால்தான் அடுத்த தவணை என்று சொல்லிவிடுங்கள்.

பந்தல் வரும்வரை சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். விழும் சாமான் சன்ஷேடிலோ ஏசி யூனிட்டிலோ பட்டுத் தெறித்து வரும், நேராக வராது. கார்கள், ஊஞ்சல், இஸ்திரி வண்டி எல்லாம் அந்த எல்லைக்கு வெளியே போகட்டும். கார் கண்ணாடிக்கான பணத்தை இப்போதே பில்லில் கழித்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.