மாமாவின் வயரிங்கை நான் எப்படிச் சோதிப்பது?

கேள்வி: ஐயா, எனக்கு 33 வயது. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து மாமாவோடு வயரிங் வேலை செய்கிறேன். இடையில் பகுதிநேரமாகப் படித்து டிப்ளோமாவும் எடுத்தேன். இப்போது கொழும்புக்குப் பக்கத்துச் சபை ஒன்றின் கட்டடப் பிரிவில் மின் பரிசோதனை செய்யும் வேலை கிடைத்திருக்கிறது. இப்போது உழைப்பதைவிடச் சம்பளம் குறைவு. மனைவி போகச் சொல்கிறார். மாமாவோ, "நீ உள்ளுக்குப் போனால் எங்கட வேலையெல்லாம் லேசாக நடக்கும்" என்று சந்தோஷப்படுகிறார். எனக்கு அதுதான் பயம். நான் பாஸ் பண்ணிய கட்டடம் பிறகு எரிந்தால் என் கதி என்ன? சிங்களம் கதைப்பேன், எழுத வராது. போவதா, விடுவதா?
– வாசகர், கொழும்பு 13

பதில்: தம்பி, போங்கள். ஆனால் கடமையேற்கும் நாளுக்கு முன்னமே மாமாவிடம் கதைத்துவிட்டுப் போங்கள். உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் தீர்க்கக்கூடிய விஷயம். மாமாவைத் தள்ளிப்போட்டால் பிறகு தீர்க்க முடியாது.

முதலில் காசு. குறையத்தான் செய்யும். அரசாங்க உத்தியோகத்துக்குக் கல்யாணச் சந்தையில் இருக்கும் மதிப்பும் உங்களுக்கு இனிப் பிரயோசனமில்லை. ஆனால் சொந்தமாக வயரிங் செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதியும் இல்லை, சம்பளத்துடன் லீவும் இல்லை. 50 வயதில் ஏணியில் ஏற முடியாமல் முழங்கால் பிடித்துக்கொண்டால் அன்றோடு வருமானம் நின்றுவிடும். அந்தக் கணக்கை உங்கள் மனைவி ஏற்கெனவே போட்டுப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இனி மாமா. அவர் உங்களுக்கு லஞ்சம் தரப்போவதில்லை. மாமி சோறு போட்டுத் தருவார். மீன் குழம்பு நன்றாக இருக்கும். கை கழுவும்போது, "அந்த மூன்று மாடி வீட்டு பைல் உன் மேசையில்தானாமே?" என்று ஒரு கேள்வி வரும். வெளியாள் கவரை நீட்டினால் முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்றுவிடலாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி என்று சொன்னால் பலர் கவரை மடித்துக்கொண்டு போய்விடுவார்கள். தொழில் சொல்லித்தந்த மாமாவிடம் சட்ட இலக்கம் பேச முடியுமா?

அதனால் அந்தப் பேச்சு வருவதற்கே வழி வைக்காதீர்கள். சேர்ந்த முதல் கிழமையிலேயே, இன்ன கொன்ட்ராக்டர் என் தாய்மாமன், அவர் வேலை செய்த கட்டடங்களின் பைல்களை வேறொருவரிடம் கொடுங்கள் என்று மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் அதைப் பழியாகச் சொல்ல வேண்டியதில்லை. "உங்கட பைல் எனக்கு வராது மாமா, ஒஃபிசில் அப்படித்தான்" என்றால் போதும். கொஞ்ச நாள் முகம் சுளிப்பார். மாமி சோறு போடுவதை நிறுத்தமாட்டார்.

அப்புறம், சனி ஞாயிறில் செய்யும் சொந்த வேலையையும் விட்டுவிடுங்கள். "ஒரு வீடுதானே" என்று செய்த வேலைக்கு உங்கள் சபையிலேயே சி.ஓ.சி. (இணக்கச் சான்றிதழ்) கேட்டு விண்ணப்பம் வரும். வீட்டுக்காரர் யாராவது "சேர், நல்ல வயர்மேன் ஒருவரைச் சொல்லுங்களேன்" என்று கேட்டாலும் பெயர் சொல்லாதீர்கள். இதில் மாட்டிக்கொள்பவர்களில் நல்ல மனிதர்கள்தான் அதிகம்.

நல்ல வயர்மேனுக்கு இந்த வேலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. கை சும்மா இருக்காது. லூசான ஸ்க்ரூவைக் கண்டால் இறுக்கத் தோன்றும். இறுக்காதீர்கள். நீங்கள் தொட்ட மறுநாள் அந்த டீ.பி.யில் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியில்) எது புகைந்தாலும் "சேர்தான் ஏதோ செய்தார்" என்பார்கள். பிழையை எழுதிக் கொடுத்து, செய்தவரையே திருத்தச் சொல்லி, திரும்பப் போய்ப் பாருங்கள்.

எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, விளங்கவும் வைக்க வேண்டும். பழைய கடை வரிசைகளை உங்களுக்குத் தெரியும். விளக்குக்குப் போட்ட மெல்லிய 1/1.13 வயரிலிருந்து பிளக் பொயின்ட் எடுத்திருப்பார்கள். 6 அம்பியர் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று 20 அம்பியர் மாட்டியிருப்பார்கள். உருண்டை முள் பொயின்டில் அடாப்டர், அதன்மேல் இன்னொரு அடாப்டர். முதலாளிக்கு இதெல்லாம் பல வருடமாக ஓடுகிற சங்கதி. "விதிமுறைக்கு மாறானது" என்று நீங்கள் சொன்னால், காசு பிடுங்க வந்த இன்னொரு ஆள் என்றுதான் நினைப்பார். கணக்கைச் சொல்லிப் பாருங்கள். மண்ணுக்குள் இறக்கிய எர்த் ரொட்டின் தடை 10 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை 10 ஆல் வகுத்தால் 23 அம்பியர். வோஷிங் மெஷினின் தகரத்தில் கரண்ட் கசிந்தால் அவ்வளவுதான் மண்ணுக்குப் போகும். 32 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, விழாது. தகரத்தைத் தொடுகிற பிள்ளைக்குத்தான் அடிக்கும். இதற்காகத்தான் சின்னக் கசிவுக்கே கரண்டை நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கேட்கிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினால் எந்தக் கடைக்காரருக்கும் விளங்கும். கணக்குத்தானே அவர்கள் தொழில்.

"டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், விழுந்தது, எல்லாம் சரி" என்பார்கள். எர்த் வயரே இல்லாத இடத்திலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். ட்ரிப் சுவிட்சின் பொறிமுறை சரி என்பதை மட்டுமே அது காட்டும். கருவியால் சோதித்து, 30 மில்லி அம்பியரில் 300 மில்லி செக்கனுக்குள் விழுகிறதா என்று பாருங்கள். லூப் தடையையும், அதாவது கசிந்த கரண்ட் போய்த் திரும்பும் பாதையின் மொத்தத் தடையையும், அளந்து எழுதுங்கள்.

"பாஸ் பண்ணியது பிறகு எரிந்தால்?" என்று கேட்டீர்கள். நீங்கள் போகும் நாளில் கட்டடம் எப்படி இருந்தது என்பதற்குத்தான் நீங்கள் சாட்சி. அடுத்த மாதம் வீட்டுக்காரர் இரண்டு ஏசி பூட்டினால் அது உங்கள் கணக்கில் வராது. ஆனால் சாட்சி வடிவாக இருக்க வேண்டும். வெறும் டிக் போட்ட படிவம் உங்களைக் காப்பாற்றாது. திகதி, கருவியின் தொடரிலக்கம், ஒவ்வொரு சுற்றுக்கும் வந்த அளவு எல்லாம் எழுதுங்கள். 500 வோல்ட்டில் மெகரால் வயரின் காப்புத் தடையை அளந்தபோது எத்தனை மெகா ஓம் என்று எழுதுங்கள். 1 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் "சரி" என்று மட்டும் எழுதி முடிக்கக் கூடாது. புது வீட்டில் 1.2 வந்தால் எங்கோ ஈரம் அல்லது காயம்பட்ட வயர் இருக்கிறதென்று உங்களுக்கே தெரியும். சுவருக்குள் போன குழாயைப் பார்க்கவில்லை என்றால் "பார்க்க முடியவில்லை" என்றே எழுதுங்கள். என் அனுபவத்தில் புதியவர்கள் எழுதக் கூச்சப்படுவது அந்த இரண்டு சொற்களைத்தான். முடிந்தால் பூசுவதற்கு முன் ஒருதரம் போய்ப் பாருங்கள். வட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், அது எந்தச் சுவரென்று யாருக்குத் தெரியும்?

எல்லாம் உங்கள் தலையில்தான் என்றும் எண்ண வேண்டாம். மீட்டர் தருவது மின் விநியோகம் செய்பவர்களின் பொறுப்பு. அந்தத் துறையை மேற்பார்வை செய்வது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. சபை பார்ப்பது கட்டட அனுமதியும் இணக்கச் சான்றிதழும். உங்கள் எல்லை எதுவரை என்பதை நியமனக் கடிதத்தோடு வரும் கடமைப் பட்டியலில் தேடுங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். தெருவிளக்கும் சபையின் பொறுப்பு என்பதால் அந்த முறைப்பாடுகளும் உங்கள் மேசைக்கு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

சிங்களம் பெரிய மலையல்ல. அரச சேவையில் இரண்டாம் மொழித் தேர்ச்சி எப்படியும் கேட்பார்கள். பரிசோதனை அறிக்கையில் திரும்பத் திரும்ப வருவது சில டசின் வசனங்கள்தான், பழைய பைல்களைப் பார்த்து எழுதிப் பழகுங்கள். எந்த ஊரில் இருந்தாலென்ன, சபையோடு தமிழில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள ஆட்களுக்கு உரிமை உண்டு. விளங்காத நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு நீங்கள் அங்கே இருப்பது பெரிய உதவி.

கடமையேற்கும் முன் அந்த ஒஃபிசுக்கு ஒருதரம் போய், மெகரும் லூப் டெஸ்டரும் இருக்கிறதா, கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள் என்று விசாரியுங்கள். அலுமாரிச் சாவியைத் தேடத் தொடங்கினால் நிலைமை விளங்கிவிடும். அதற்காக மாமாவின் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சேர்ந்தபின் எழுத்தில் கேளுங்கள். கருவி வரும்வரை "அளவு எடுக்கப்படவில்லை" என்று ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுங்கள், கெதியாக வாங்கித் தருவார்கள்.