அடீனியம் தின்னும் பச்சைப் புழு: கேள்வி பதில்

கேள்வி: மாடியில் அடீனியம் வைத்திருக்கிறேன். ரெண்டே நாளில் செடி மொட்டை. விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு, தலைப் பக்கம் ரெண்டு நீலக் கண். என்ன அண்ணா இது?

பதில்: அரளி அந்துப்பூச்சியின் புழு. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நெரியை. 1758இல் லின்னேயஸ் வைத்தது. அரளி, நந்தியாவட்டை, அடீனியம் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் எதில் வேண்டுமானாலும் முட்டையிடும். நீலமாகத் தெரிவது கண்ணல்ல, வெறும் பொட்டு. நிஜத் தலை அதற்கு முன்னால் சின்னதாக இருக்கும். சீண்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பொட்டு பெரிதாகி முறைக்கிற மாதிரி தெரியும்.

கேள்வி: வாலில் கொம்பு இருக்கிறதே, கொட்டுமா?

பதில்: கொட்டாது. முட்டையிலிருந்து வந்த புதிதில் மஞ்சள் உடம்பில் கறுத்த நீளக் கொம்பு, பயங்கரமாகத் தெரியும். அதுவும் சும்மா.

கேள்வி: அரளி விஷமாச்சே, இது எப்படிச் சாகாமல் இருக்கிறது?

பதில்: அருமையான கேள்வி. எருக்கு இனச் செடிகளைத் தின்னும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிப் புழுவின் செல்களை அந்த வகை நஞ்சு அவ்வளவாகப் பாதிக்காது. அதை உடம்பிலேயே சேர்த்தும் வைக்கும். நம் புழுவின் செல்களுக்கு அந்தத் தாங்குசக்தி இல்லை. இது நஞ்சை ரத்தத்தில் கலக்க விடாமல் தப்பிக்கிறது.

கேள்வி: என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: நாலு தொட்டிக்கு மருந்தா? தரையில் மிளகு அளவு கரும்பச்சை எச்சம் கிடக்கும், பீப்பாய் வடிவில் வரிவரியாக. அதற்கு நேர் மேலே பாருங்கள், இலைக்கடியில் இருக்கும். எடுத்து நந்தியாவட்டையில் விடுங்கள். அப்புறம் கையைக் கழுவுங்கள். செடியின் பால்தான் ஆபத்து.

கேள்வி: புழு பழுப்பாகித் தரையில் அலைகிறது, நோயா அண்ணா?

பதில்: இல்லை, கூட்டுப்புழுவாகப் போகிறது. டப்பாவில் காய்ந்த சருகு போட்டு உள்ளே விடுங்கள். சில நூலிழைகளால் சருகைச் சேர்த்துக்கொண்டு அதனுள் அடங்கும். ஒரு குச்சியும் சாய்த்து வையுங்கள். நம் வெயிலுக்கு ரெண்டு வாரம் முன்னே பின்னே வெளியே வரும். அப்போது ஏறித் தொங்கிச் சிறகை விரிக்க இடமில்லையென்றால் சிறகு மடங்கியே காய்ந்துவிடும். விரிந்தால் சுமார் 10 செ.மீ., ராணுவச் சட்டை மாதிரி பச்சைத் திட்டுகள், நடுவே இளஞ்சிவப்பு. எனக்கு இதைவிட அழகான அந்துப்பூச்சி கிடையாது.

கேள்வி: வந்ததும் சர்க்கரைத் தண்ணீர் வைக்கட்டுமா?

பதில்: வேண்டாம். அது பூவில் உட்காராது, அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். இருட்டியதும் திறந்து விடுங்கள், போதும்.